பனிக்காலத்தில் பறவை கண்ணில் படவில்லையா? மலையில் எது இடிக்கிறது, எப்படிச் சரிசெய்வது

கோயம்புத்தூரிலிருந்தோ மதுரையிலிருந்தோ மலையேறி வந்து பறவை பார்ப்பவர்கள் டிசம்பர், ஜனவரியில் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒண்ணுமே இல்லைங்க." பறவை இருக்கிறது. வலசை வந்தவை செப்டம்பரிலேயே வரத் தொடங்கி ஏப்ரல் வரை இங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஏரிக்கரையில் நின்று பார்த்துப் பழகியவர்கள் அதே நேரம், அதே நடை, அதே பொறுமையோடு சோலைக்குள், அதாவது மலை மடிப்புகளில் இயற்கையாக வளர்ந்த அடர்காட்டுக்குள், நுழையும்போது சில இடங்களில் இடிக்கும். உங்களுக்கு எது இடித்ததோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். நான் நீலகிரியை வைத்தே அதிகம் சொல்கிறேன். பழனி மலைத்தொடரில், அதாவது கொடைக்கானல் பக்கம், விஷயம் மாறும் இடங்களில் தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

காலை ஆறு மணிக்கே போய் நின்றோம், ஒரு குருவிகூட இல்லை

சமவெளியில் ஆறு மணி சரியான நேரம். உதகையில் ஜனவரியில் சூரியன் எழுவதே ஏறக்குறைய ஆறே முக்காலுக்கு. பள்ளத்தின் அடியில் வெயில் விழ இன்னும் நேரமாகும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் இரவெல்லாம் சரிவில் வழிந்து வந்து பள்ளத்தில் தேங்கிவிடும். தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்க, மேலே சரிவில் வெறும் ஈரம் மட்டும் இருப்பது இதனால்தான். உறைபனியில் பூச்சி அசையாது. பூச்சி அசையாத இடத்தில் ஈப்பிடிப்பானுக்கு என்ன வேலை?

ஆகவே கடிகாரத்தை விட்டுவிட்டு வெயிலைப் பாருங்கள். முந்தின நாளே ஒரு சுற்று நடந்து, கிழக்கு பார்த்த சரிவில் எந்தச் சோலை ஓரத்தில் முதல் வெயில் விழும் என்று குறித்து வையுங்கள். மறுநாள் ஏழரைக்கு அங்கே போய் நின்றால் போதும். முதலில் மர உச்சியில் வெயில் படும்; வெள்ளைக்கண்ணிகளும் மின்சிட்டுகளும் அங்கே தொடங்கும். வெயில் கீழே இறங்க இறங்க மற்றவையும் புதர் மட்டத்தில் வெளியே வரும். உதகையில் ஏழரை முதல் பத்து வரை நல்ல நேரம். சுமார் 1,800 மீட்டரில் இருக்கும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் அரை மணி நேரம் முன்னதாகவே களை கட்டிவிடும்.

இருட்டோடு போவதற்கும் ஒரு காரணம் உண்டு. சோலை வழியாகப் போகும் சாலைகளில் ஆள் நடமாட்டம் தொடங்குமுன் சாம்பல் காட்டுக்கோழியும் பூங்குருவிகளும் சாலை ஓரத்துச் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். அவற்றைத்தான் பார்க்க வேண்டும் என்றால் ஆறு மணிக்குப் போங்கள், வண்டியை மெதுவாக உருட்டுங்கள், கதவைத் திறக்காதீர்கள்.

சோலைக்குள் அரை மணி நேரமாக முழு அமைதி

இது கோளாறே இல்லை. பனிக்காலத்தில் சோலைப் பறவைகளில் பல கலப்புக் கூட்டமாக இரை தேடும். கூட்டம் ஒரு பக்கம் போய்விட்டால் மீதிக் காடு காலியாகத்தான் இருக்கும். அது உங்கள் பக்கம் வரும்போது வெள்ளைக்கண்ணி, சாம்பல் தலை ஈப்பிடிப்பான், பட்டாணிக் குருவி, ஆரஞ்சு மின்சிட்டு, தண்டில் தலைகீழாக இறங்கும் வெல்வெட் நெற்றி நட்ஹாட்ச், நடுவில் இரண்டு மூன்று கதிர்க்குருவி என்று ஒரே மரத்தில் எல்லாம் வந்து இறங்கும். ஐந்து நிமிடத்தில் கடந்தும் போய்விடும்.

தேடித் தேடி நடப்பவர்கள்தான் இதில் தோற்பார்கள். பாதை வளையும் இடத்தில், கொஞ்சம் திறப்பு இருக்கும் இடத்தில் நின்றுவிடுங்கள். வெள்ளைக்கண்ணிகளின் மெல்லிய, விடாத சீச்சொலிதான் முன்னறிவிப்பு. அது கேட்டதும் கூட்டத்துக்குள் நுழைந்துவிடாமல், அது போகும் திசையில் பக்கவாட்டில் தள்ளி நடங்கள். முதல் இரண்டு நிமிடம் எல்லாரும் வெள்ளைக்கண்ணியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கூட்டத்தின் வாலைப் பாருங்கள். சாவகாசமாக வருகிறவை அங்கேதான் இருக்கும்.

நிற்கும் இடம் சோலைதானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கற்பூர மரத் தோப்பும் பைன் தோப்பும் தூரத்திலிருந்து அடர்ந்த காடாகத்தான் தெரியும். அடியில் புதர் இல்லை, சருகு மட்டும் கிடக்கிறது என்றால் அங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். தோப்பும் சோலையும் சந்திக்கும் விளிம்புக்கு நகருங்கள்.

சத்தம் பக்கத்தில் கேட்கிறது, ஆள் தெரியவில்லை

பெரும்பாலானவர்கள் தேடும் உயரம் தவறு. கழுத்தைத் தூக்கி மேலே பார்த்துக்கொண்டிருப்பார்கள். குரல் கொடுத்தது முழங்கால் உயரத்தில் இருக்கும்.

கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானைப் பாருங்கள். பூச்சி கீச்சிடுவதுபோல மெல்லிய குரல், பாதையிலிருந்து மூன்று நான்கு அடி உள்ளே, தரைக்கு மேல் ஓரடி ஈரடியில் உட்கார்ந்திருக்கும். பயந்த சுபாவமும் கிடையாது. அசையாமல் நின்றால் தானாகவே முன்னால் வந்து உட்காரும். குனிந்து, புதரின் அடிப்பகுதியில் தண்டுகளுக்கு நடுவே தேடுங்கள். ஆணின் கருப்புத் தலை பெண்ணில் பழுப்பாக இருக்கும். இரண்டையும் வேறு வேறு பறவை என்று குறித்து வைப்பவர்கள் உண்டு.

சோலைக்கிளி இன்னும் கூச்சம் உள்ளது. பெயரில் கிளி இருந்தாலும் கிளிக் குடும்பத்துக்கும் அதற்கும் ஒட்டு உறவு இல்லை. சோலையின் தரையில் தத்தித் திரியும் நீலநிறச் சிறு பறவை. இருட்டான ஓடைக்கரை, பாசி படிந்த கல், விழுந்து கிடக்கும் மரம் ஆகிய மூன்றும் சேர்ந்த இடம் அதற்குப் பிடிக்கும். ஓடைப் பாலத்தின் மேல் பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் நான் பார்த்தவரை பலன் தந்த வழி.

சிரிப்பான்கள் நேர் எதிர். கூட்டமாக இருந்துகொண்டு ஊரைக் கூட்டும். ஆனால் இலைக்குள்ளேயே நகரும் என்பதால் சத்தம் வந்த இடத்தில் பார்த்தால் பயனில்லை. சத்தம் நகரும் திசையில் அடுத்த இடைவெளியில் பார்வையை வைத்துக் காத்திருங்கள். ஒவ்வொன்றாகத் தாவும், முதலாவதைத் தவறவிட்டாலும் நாலாவது கிடைக்கும்.

போனில் குரலை ஒலிக்கவிட்டு வெளியே வரவழைக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். தன் இடத்தில் இன்னொன்று நுழைந்துவிட்டது என்று நம்பி, இரை தேடுவதை விட்டுவிட்டு அது விரட்ட வரும். பனிக்காலக் காலையில் அந்த வீண் அலைச்சல் அதற்குப் பெரிய செலவு. உதகை, கொடைக்கானல் ஊருக்குப் பக்கத்தில் எல்லாரும் போகும் சோலைகளில் அதே பறவைக்குத்தான் நாள்தோறும் இந்தத் தொல்லை.

இன்னொரு சந்தேகமும் தீர வேண்டும்: அது பறவைதானா? சோலையில் புதர்த் தவளைகள் மூட்டமான பகலிலும் டிக் டிக் என்று கூப்பிடும். அணில்களின் எச்சரிக்கைக் குரல் குருவிச் சத்தம் போலவே தொடர்ந்து வரும். பர்லியாறு, கல்லாறு பக்கம் இறங்கினால் துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலையெல்லாம் எடுத்துவிடும். மெர்லின் செயலி குரலை வைத்துப் பெயர் சொல்வது நல்ல உதவி, ஆனால் அது சொன்னதைப் பார்க்கும்வரை பட்டியலில் ஏற்றாதீர்கள்.

செயலியும் புத்தகமும் ஒரு பெயர் சொல்கின்றன, உள்ளூர்க்காரர் வேறு சொல்கிறார்

முதலில் நீங்கள் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கிலா, தெற்கிலா என்று பாருங்கள். நீலகிரி வடக்கு, பழனி மலை தெற்கு. நடுவில் ஏறக்குறைய 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை அறுந்து கிடக்கிறது. உயரத்துச் சோலையை விட்டு இறங்காத பறவைகள் இந்தத் தாழ்வைக் கடந்து கலப்பதில்லை, அதனால் இரண்டு பக்கமும் தனித்தனி இனமாகிவிட்டன.

நீலகிரியில் இருப்பது நீலகிரிச் சோலைக்கிளி. விலாவும் வாலடியும் செம்பழுப்பு. கொடைக்கானலில் இருப்பது வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி. அதன் விலா நீலச்சாம்பல். சிரிப்பானிலும் இப்படித்தான். நீலகிரி சிரிப்பானுக்குக் கன்னமும் மார்பும் வயிறும் செம்பழுப்பு, மோவாய் கருப்பு. பழனி சிரிப்பானுக்கு மார்பு சாம்பல், அதில் கீற்றுகள். இரண்டுக்கும் வெள்ளைப் புருவம் இருப்பதால் அதை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யக்கூடாது. கொடைக்கானல் பாம்பே சோலையில் நீலகிரி சிரிப்பானைப் பார்த்ததாக எழுதினால் அது பிழைதான், மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை.

பழைய கையேடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம் வரும். சோலைக்கிளிகளுக்கும் இந்தச் சிரிப்பான்களுக்கும் 2017-இல் மரபணு ஆய்வின் அடிப்படையில் புதிய பேரினப் பெயர்களே வைத்தார்கள். அதற்கு முந்தைய அச்சில் சோலைக்கிளி வேறு பேரினப் பெயரில் இருக்கும். படத்தையும் இடத்தையும் நம்புங்கள், தலைப்பை அல்ல.

பைனாகுலர் மங்குகிறது, இரண்டாகத் தெரிகிறது, கருப்பாக நிழல் விழுகிறது

மூன்றும் வெவ்வேறு காரணம்.

கண் வைக்கும் பக்கம் மட்டும் மங்கினால் உங்கள் மூச்சுதான் காரணம். மஃப்ளரை மூக்குவரை சுற்றிக்கொண்டு பைனாகுலரைத் தூக்கினால் மூச்சுக்காற்று நேராக மேலே ஏறிக் குளிர்ந்த கண்ணாடியில் படியும். பைனாகுலரை வைக்கும்போது மஃப்ளரை மோவாய்க்குக் கீழே இறக்குங்கள். பார்க்காத நேரத்தில் ஸ்வெட்டருக்கு வெளியே, மேல் கோட்டுக்கு உள்ளே தொங்கவிட்டால் கண்ணாடி அவ்வளவு குளிராது. இரவில் காரிலேயே விட்டுவிட்டுக் காலையில் எடுப்பவர்களுக்கு இது கட்டாயம் நடக்கும்.

முன்பக்கமும் சேர்ந்து மங்கினால் குளிரிலிருந்து கதகதப்பான இடத்துக்குக் கொண்டுவந்திருப்பீர்கள். டீக்கடைக்குள் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குவது இதே காரணத்தால்தான். துடைத்துக்கொண்டே இருக்காமல் பையை மூடி வையுங்கள், சூடு சமமானதும் தானாகத் தெளியும். அடுப்புக்கோ ஹீட்டருக்கோ காட்டாதீர்கள்.

துடைத்தாலும் போகாமல் உள்ளே மூட்டம் இருந்தால் ஈரம் புகுந்துவிட்டது என்று அர்த்தம். நைட்ரஜன் அடைத்து மூடிய மாடல்களில் இது அபூர்வம், மலிவானவற்றில் சகஜம். மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு சில நாள் வைத்துப் பாருங்கள். சிலந்தி வலை போல இழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். பழுது பார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். மலையில் குடியிருப்பவர்கள் பைனாகுலரைத் தோல் உறையில் போட்டு பீரோவில் வைப்பதை முதலில் நிறுத்த வேண்டும். மழை மாதங்களில் அந்த உறைதான் பூஞ்சணத்தை வளர்க்கிறது.

ஒரு கண்ணில் மட்டும் தெளிவில்லை என்றால் சரிசெய்யும் வளையத்தை யாரோ திருப்பிவிட்டிருப்பார்கள். பெரும்பாலான பைனாகுலரில் அது வலது கண்ணருகே இருக்கும். வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவு கொண்டுவாருங்கள். அப்புறம் இடக்கண்ணை மூடி, சக்கரத்தைத் தொடாமல் வளையத்தை மட்டும் திருப்பி வலக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். இதைச் செய்த பிறகும் உருவம் இரண்டாகவே தெரிந்தால் உள்ளே பட்டகம் நகர்ந்திருக்கிறது. கீழே விழுந்த பைனாகுலரில் இப்படி ஆகும். வீட்டில் சரிசெய்ய முடியாது. தலைவலியோடு பார்ப்பதைவிட நண்பரிடம் இரவல் வாங்குவது மேல்.

ஓரத்தில் கருப்பு நிழல் வந்தால் கண் வைக்கும் தூரம் சரியில்லை. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண் கிண்ணத்தை உள்ளே இறக்க வேண்டும், போடாதவர்கள் வெளியே இழுக்க வேண்டும்.

புதிதாக வாங்குகிறவர்கள் 10x42 (பத்து மடங்கு உருப்பெருக்கம், 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி) கேட்கிறார்கள். சோலைக்கு 8x42 போதும். வெளிச்சம் குறைந்த இடத்தில் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 10x42-இல் 4.2 மில்லிமீட்டர், 8x42-இல் 5.25. குளிரில் கை நடுங்கும்போது குறைந்த உருப்பெருக்கம்தான் நிலையாக நிற்கும், பார்வைப் பரப்பும் பெரியது. புல்வெளியிலும் கழுகு பார்ப்பதிலும் மட்டும் பத்து கை கொடுக்கும்.

பச்சையாக, குட்டியாக, ஒரு நொடி நிற்காத ஒன்று

கதிர்க்குருவி. எல்லாருக்கும் இதே தலைவலிதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. இறக்கைப் பட்டை இல்லாமல், அடிப்பக்கம் நல்ல மஞ்சளாக, தாழ்வான புதரில் திரிந்தால் டிக்கெல் கதிர்க்குருவியாக இருக்க வாய்ப்பு அதிகம். மெல்லிய ஒற்றைப் பட்டையோடு இருப்பவற்றைப் பிரிக்கக் குரல்தான் வழி. பச்சைக் கதிர்க்குருவி சட்டென்று ஈரசையில் கீச்சிடும். பெரிய அலகுக் கதிர்க்குருவி தெளிவான விசிலாக இரண்டு சுரம் கொடுக்கும், இரண்டாவது மேலே ஏறும். உச்சந்தலை நடுவில் வெளிர்க்கோடு பளிச்சென்று தெரிந்து, உயர்ந்த கிளைகளிலேயே இருந்தால் மேற்கத்திய மகுடக் கதிர்க்குருவி. குரலும் கேட்கவில்லை, கோடும் தெரியவில்லை என்றால் "கதிர்க்குருவி, இனம் தெரியவில்லை" என்று எழுதிவிட்டு நகருங்கள். பார்த்த பறவைகளைப் பதியும் இ-பேர்டு செயலியில் அப்படிப் பதிய வசதி உண்டு.

தொண்டை சிவப்பாக இருந்தது, காஷ்மீர் ஈப்பிடிப்பானா?

நீலகிரிக்குப் பனிக்காலத்தில் வருகிறவர்கள் பலர் ஆசைப்படும் பறவை இது. காஷ்மீரில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கும் இலங்கை மலைகளிலும் குளிர்காலத்தைக் கழிக்கிறது. ஆசை கண்ணை மறைக்கும் இடமும் இதுதான். ஆணின் செம்மஞ்சள் நிறம் தொண்டையோடு நிற்காது. மார்பு, விலா வரை இறங்கும், இரண்டு பக்கமும் கருப்பு ஓரம் கட்டியிருக்கும். நிறம் தொண்டையிலும் மேல்மார்பிலும் மட்டும் இருந்து, கருப்பு ஓரம் இல்லை என்றால் செம்மார்பு ஈப்பிடிப்பான். இரண்டுக்கும் வாலடி ஓரம் வெள்ளை, இரண்டும் வாலைத் தூக்கித் தூக்கி இறக்கும், ஆகவே வாலை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பெண் பறவையை ஒரு கண நேரம் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். படம் இருந்தால் பொறுமையாகப் பார்க்கலாம்.

நீல ஈப்பிடிப்பான்களிலும் இப்படி ஒரு ஜோடி உண்டு. பசுமை கலந்த பளீர் நீலம், அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே கருப்பு, வெட்ட வெளியில் உச்சிக் கிளையில் உட்கார்ந்திருக்கிறது என்றால் வடக்கிலிருந்து வந்த வெர்டிட்டர் ஈப்பிடிப்பான். நிழலுக்குள் ஆழ்ந்த கருநீலத்தில் இருப்பது நம்மூர் நீலகிரி ஈப்பிடிப்பான்.

மேலே பெரிசாக ஒன்று வட்டமிடுகிறது

காலை பத்து மணிக்கு மேல், சரிவு சூடாகிக் காற்று மேலெழும்போது பாருங்கள். உடல் முழுதும் கருப்பு, கால் மஞ்சள், மர உச்சியைத் தொடுவதுபோல மிக மெதுவாக மிதந்து போனால் கருங்கழுகு. இறக்கையின் அடியில் அகலமான வெள்ளைப் பட்டை, பறந்துகொண்டே உரக்கக் கத்துகிறது என்றால் கொண்டைப் பாம்புக் கழுகு. மார்க்கெட் மேலே கூட்டமாக, வால் லேசாகப் பிளந்து வட்டமிடுவது சாதாரணக் கரும்பருந்து. கோடநாடு காட்சிமுனை, டால்ஃபின்ஸ் நோஸ் போன்ற விளிம்புகளில் நின்றால் கழுகின் முதுகையே மேலிருந்து பார்க்கலாம்.

வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்

கோத்தகிரி லாங்வுட் சோலை காப்புக்காடு. 2024-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. வனத்துறை அனுமதி கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். கொடைக்கானல் பேரிஜம் ஏரிக்கும் வனத்துறை அனுமதி வேண்டும், யானை நடமாட்டம் இருந்தால் அன்று விடமாட்டார்கள். வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறை வந்தது. புறப்படுமுன் அப்போதைய விதியைப் பார்த்துவிடுங்கள். அனுமதி கிடைக்காத நாளில் அலைய வேண்டாம். குன்னூர் சிம்ஸ் பூங்காவும் உதகை தாவரவியல் பூங்காவும் திறந்த உடனே, கூட்டம் வருமுன், ஒரு மணி நேரத்துக்குத் தாராளமாகப் பறவை காட்டும்.

மழை விடவே இல்லை

நவம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை. அது குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் என்று கிழக்கு முகங்களைத்தான் அதிகம் நனைக்கும். தொட்டபெட்டா முகட்டைத் தாண்டி பைக்காரா, கூடலூர் பக்கம் போனால் அதே நாளில் வெறித்திருக்க வாய்ப்பு உண்டு. மழை நாளில் அட்டையும் இருக்கும்; கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். தேதி உங்கள் கையில் இருந்தால் டிசம்பர் பாதிக்கு மேல் வையுங்கள்.

வீட்டுத் தோட்டத்துக்குச் செம்மீசைச் சின்னான் தவிர யாரும் வருவதில்லை

தோட்டம் ரொம்பச் சுத்தமாக இருக்கும். அதுதான் கோளாறு.

வேலி ஓரத்தில், மர நிழலில் பத்தடி நீளத்துக்காவது சருகைக் கூட்டாமல் விடுங்கள். செந்தலைப் பூங்குருவியும் இமயத்திலிருந்து வரும் நீல ராபினும் சருகைப் புரட்டித்தான் சாப்பிடும். பெருக்கிய மண்ணில் அவற்றுக்கு ஒன்றும் இல்லை. பூச்சிமருந்து அடித்த தோட்டத்துக்குக் கதிர்க்குருவி வந்தாலும் நிற்காது. பூவுக்கு ஃபியூஷியாவும் சால்வியாவும் பாட்டில் பிரஷ்ஷும் இருந்தால் தேன்சிட்டும் வெள்ளைக்கண்ணியும் வரும். பழத்துக்கு நம் மலையின் தவிட்டுப்பழச் செடியே போதும்.

இவற்றையெல்லாம்விட வேகமாகப் பலன் தருவது தண்ணீர். ஜனவரி முதல் மார்ச் வரை மலையில் வறட்சிக் காலம். அகலமான மண்தட்டில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர், நடுவில் கால் வைக்க ஒரு கல். புதருக்குப் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் பூனை பதுங்கிப் பாயும் அளவுக்கு ஒட்டி வேண்டாம். தினமும் கழுவி மாற்றுங்கள். உதகையில் இரவில் மேலே ஐஸ் கட்டிவிடும், காலையில் தட்டி எடுத்துப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வந்து குளிப்பவை பெரும்பாலும் வெயில் ஏறிய பிறகே வரும், அதனால் காலை ஏழு மணிக்குப் பார்த்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று எடுத்துவிடாதீர்கள்.

தீனி வைத்தேன், குரங்கும் எலியும்தான் வருகின்றன

வைப்பதை நிறுத்துங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துத் தானியத்தட்டு தொங்கவிடுவது அங்கே சரியாக இருக்கலாம். அங்கே பனியில் தரையே மூடிப்போகிறது. நம் மலையில் பனிக்காலத்திலும் பூச்சியும் பழமும் பூவும் இருக்கின்றன. தானியத்துக்கு வருவது புறாவும் எலியும் குரங்கும். எலிக்குப் பின்னால் பாம்பும் வரும். குன்னூர், கோத்தகிரியில் பழமும் வெல்லமும் வெளியே வைத்தால் கரடிக்கு அழைப்பு வைத்த மாதிரி. விளக்கு எண்ணெயைத் தேடிக் கோயிலுக்குள்ளேயே கரடி புகுகிற ஊர் இது. தேயிலைத் தோட்டத்துக்கு இரவு வேலைக்கும் விடியற்காலை வேலைக்கும் நடந்து போகிறவர்கள் அந்த வழியில்தான் போகிறார்கள்.

கண்ணாடியைக் கொத்திக்கொண்டே இருக்கிறது

ஜன்னலிலோ கார் பக்கக் கண்ணாடியிலோ தன் பிம்பத்தைப் பார்த்து, இன்னொன்று தன் இடத்துக்கு வந்துவிட்டது என்று சண்டை போடுகிறது. சாம்பல் வாலாட்டி பனிக்காலத்திலும் தனக்கென்று இடம் பிடித்துக் காக்கும், அதனால் கார் கண்ணாடியோடு மல்லுக்கு நிற்பது பெரும்பாலும் அதுதான். கண்ணாடியை மடக்கிவிடுங்கள் அல்லது பழைய காலுறையால் மூடுங்கள். ஜன்னலுக்கு வெளிப்பக்கம் சோப்புத் தண்ணீர் பூசினாலே பிம்பம் போய்விடும்.

முழு வேகத்தில் வந்து மோதுவது வேறு சிக்கல். கண்ணாடியில் தெரியும் மரத்தை நிஜ மரம் என்று நம்பி வருகிறது. ஒற்றைக் கழுகு ஸ்டிக்கர் ஒட்டுவதால் பயனில்லை. வெளிப்பக்கத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு புள்ளியோ கோடோ முழுக்க இருக்க வேண்டும். மோதி விழுந்ததைக் காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து மூடி, சத்தமில்லாத இடத்தில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. பெட்டிக்குள் சுறுசுறுப்பாகச் சிறகடிக்கும்போது வெளியே கொண்டுபோய்த் திறக்கலாம். இறக்கை தொங்கினாலோ மணிக்கணக்கில் எழாவிட்டாலோ வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ சொல்லுங்கள்.

போன வருஷம் வந்தது இந்த வருஷம் வரவில்லை

பழுப்புக் கீச்சான் போன்றவை வருடா வருடம் அதே வேலிக்கும் அதே கம்பத்துக்கும் திரும்பும் பழக்கம் உள்ளவை. அந்தக் கம்பமும் வேலியும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். புதரை வெட்டிக் கம்பிவேலி போட்டிருந்தால் பதில் அங்கேயே இருக்கிறது. பழம் தின்னும் பறவை என்றால், எடுத்துக்காட்டாக நீலகிரிக் காட்டுப்புறா என்றால், பழுத்த மரம் எங்கேயோ அங்கே போயிருக்கும். பக்கத்துச் சோலையில் தேடுங்கள். இன்னும் சில இனங்கள் தங்காமல் கடந்து போகிறவை. அக்டோபரிலும் மார்ச் ஏப்ரலிலும் மட்டும் தெரியும், ஜனவரியில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

இ-பேர்டில் பதிந்தேன், "உறுதிப்படுத்தப்படவில்லை" என்கிறது

உங்களைப் பொய்யர் என்று சொல்லவில்லை. அந்த மாதத்தில், அந்த இடத்தில் எதிர்பாராத பறவை அல்லது எதிர்பாராத எண்ணிக்கை என்றால் தானாகவே கேள்வி எழும். படம் இருந்தால் சேருங்கள். இல்லையென்றால் என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்: மார்பு நிறம் எங்கே முடிந்தது, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரத்தில், எந்த ஒத்த இனத்தை எதனால் விலக்கினீர்கள். "நன்றாகத் தெரிந்தது" என்று எழுதினால் ஆய்வாளருக்கு அதில் ஒன்றுமில்லை.

பட்டியலில் தூரம் பூஜ்யமாக வந்தால் போனில் இருப்பிட அனுமதி அணைந்திருக்கும். அவலாஞ்சி, மேல் பவானி பக்கம் சிக்னல் இல்லை என்பது காரணம் இல்லை. போன் சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் ஓடும். பறவைப் பட்டியல் தொகுப்பை மட்டும் வீட்டிலேயே இறக்கிக்கொண்டு போங்கள், ஊருக்கு வந்ததும் அனுப்பலாம். குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கும், உள்பையில் வையுங்கள்.

வெள்ளைக்கண்ணிக் கூட்டத்தை எண்ண முடியாமல் பலர் எண் இடத்தில் எக்ஸ் ("இருந்தது, எண்ணவில்லை" என்ற குறி) போட்டுவிடுகிறார்கள். பத்தை எண்ணி, அந்த அளவில் கூட்டம் எத்தனை மடங்கு என்று பார்த்து நாற்பது, ஐம்பது என்று போடுங்கள். பொங்கலையொட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும் பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் உலகக் கணக்கெடுப்பிலும் எக்ஸைவிட இந்த உத்தேச எண்ணுக்குத்தான் பயன் அதிகம். இரண்டுக்கும் வீட்டு வாசலில் நின்று பதினைந்து நிமிடம் பார்த்தாலே போதும். பார்த்தது எல்லாவற்றையும், காக்கை உட்பட, எழுதியிருந்தால் "முழுப் பட்டியல்" என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்லுங்கள். காக்கையை விட்டுவிட்டு ஆம் போட்டால் அந்தத் தெருவில் காக்கையே இல்லை என்று பதிவாகும்.